தாலி போதாது, சம்பளச் சீட்டும் வேண்டுமாம்



என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணுக்கு, கணவரோடு போய்ச் சேர பிரிட்டன் விசா மறுக்கப்பட்டது. அதைப் பற்றி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருத்தப்பட்டு எழுதியிருந்தேன். உடனே நம் சொந்தத்தில் ஒருவர், "நம்ம வீட்டுக்குள்ள யாரை விடணும்னு நாமதானே முடிவு பண்றோம்? அவங்க நாடு, அவங்க சட்டம். இதுல அழ என்ன இருக்கு?" என்று போட்டார். பலரும் கட்டைவிரலை உயர்த்தி ஆமோதித்தீர்கள். குழுவில் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். பணி ஓய்வு பெற்றாலும் டீச்சர் டீச்சர்தான்.

முதலில் விதி என்னவென்று பார்ப்போம். பிரிட்டன் குடிமகன் ஒருவர் தன் மனைவியையோ கணவரையோ வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு வருமானம் இருக்க வேண்டும் என்று 2012 ஜூலையில் ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள். அப்போது 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் அதை ஒரே தாவலில் 29,000 பவுண்டு ஆக்கினார்கள். நம் பணத்தில் முப்பது லட்சத்துக்கு மேல்.

இப்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று. 2025 ஏப்ரலில் அந்த நாட்டு அரசே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் முப்பத்தேழரை மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஒரு நாள்கூட சம்பளம் பிடிக்காமல் வேலை பார்த்தால் வருவது சுமார் 23,800 பவுண்டு. வரம்புக்கு இன்னும் 5,000 பவுண்டுக்கு மேல் குறைகிறது. 29,000 எட்ட வேண்டுமானால் அதே கூலியில் வாரம் கிட்டத்தட்ட 46 மணி நேரம் உழைக்க வேண்டும். "இந்தக் கூலி வாங்கினால் ஒருவன் வாழலாம்" என்று சொல்வதும் அரசு. "இந்தக் கூலி வாங்குகிறவன் பெண்டாட்டியோடு வாழக் கூடாது" என்று சொல்வதும் அதே அரசு. எந்த ஊர் நியாயம் இது?

என் மாணவியின் கணவர் அங்கே முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவர். மற்றவர் வீட்டுப் பெரியவர்களுக்குக் கால் பிடித்து, உடை மாற்றி, சோறூட்டுகிறவர். அந்த வேலைக்கு அந்த நாட்டில் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். அவர் உழைப்பு வேண்டும், அவர் குடும்பம் வேண்டாம்.

சம்பளம் போதவில்லையென்றால் சேமிப்பைக் காட்டலாம் என்கிறார்கள். வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய், ஆறு மாதம் கையில் இருக்க வேண்டும். ஒரு கோடி வைத்திருப்பவன் எதற்கு இரவு வேலைக்குப் போகிறான்?

"வர்றவங்க அரசாங்கத்துக்குப் பாரமாயிடக் கூடாதுல்ல?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பாரத்தைத் தடுக்க ஏற்கெனவே வேறு பூட்டு இருக்கிறது. துணைவர் விசாவில் போகிறவர், நிரந்தர உரிமை கிடைக்கும்வரை அரசின் உதவித்தொகை எதையும் வாங்கக் கூடாது என்பது விசாவின் நிபந்தனை. நிரந்தர உரிமைக்குக் குறைந்தது ஐந்தாண்டு ஆகும். அதுமட்டுமல்ல, மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும். முதல் விசாவுக்கு அது மட்டும் 3,105 பவுண்டு. 2025 ஏப்ரல் கணக்கில் விண்ணப்பக் கட்டணம் 1,938. இரண்டும் சேர்த்து 5,043 பவுண்டு. வேலைக்குப் போனதும் மற்றவர்களைப் போல வரியும் கட்டப்போகிறார். எதையும் வாங்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டும் என்று சொன்ன பிறகு, பாரம் என்ற பேச்சுக்கே இடம் எங்கே?

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. என் மாணவி செவிலியர் பட்டம் படித்தவள். இங்கே ஒரு மருத்துவமனையில் கைநிறைய இல்லாவிட்டாலும் கௌரவமாகச் சம்பாதிக்கிறாள். அங்கே போனால் நிச்சயம் வேலை செய்வாள். ஆனால் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது அவள் இங்கே வாங்கும் சம்பளமும் கணக்கில் இல்லை, அங்கே வாங்கப்போகும் சம்பளமும் கணக்கில் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுக்கப்போகும் வண்டிக்கு ஒருவர் பலத்தை மட்டும் அளந்து பார்த்து, "இழுக்க முடியாது" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இப்போது "நம்ம வீடு" உவமைக்கு வருகிறேன். வீட்டுக்குள் யாரை விடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும். ஆனால் இங்கே கேட்கிறவன் தெருவில் போகிறவனா? அந்த வீட்டுப் பிள்ளை. அவன் குடிமகன், வரி கட்டுகிறவன், வாக்குப் போடுகிறவன். வீட்டில் ஒரு பிள்ளை அதிகம் சம்பாதிக்கிறான், அவன் மனைவி உள்ளே வரலாம். இன்னொரு பிள்ளை குறைவாகச் சம்பாதிக்கிறான், அவன் மனைவி வாசலில் நிற்கட்டும் என்று நம்மில் எந்தப் பெரியவராவது சொல்வீர்களா? சொன்னால் ஊர் என்ன பேசும்?

குழந்தை விஷயம் இன்னும் கொடுமை. அவர் அங்கே குடியுரிமை பெற்ற பிறகு பிறந்த குழந்தை என்பதால், இங்கே பிறந்திருந்தாலும் அதுவும் பிரிட்டன் பிரஜைதான். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளைக்கே விமானம் ஏற உரிமை உண்டு. அதற்குச் சோறூட்டும் தாய்க்கு இல்லை. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2015இல் வெளியிட்ட அறிக்கையில் இப்படிப்பட்ட குடும்பங்களை "ஸ்கைப் குடும்பங்கள்" என்றே குறிப்பிட்டார்கள். 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்த வரம்பு ஆயிரக்கணக்கானோருக்குத் துன்பம் தருகிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் வரம்பு சட்டவிரோதம் இல்லை என்றது. குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்று கண்டித்தது. அதன் பிறகு விதிவிலக்குக்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நடக்க வழக்கறிஞர் வேண்டும், வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். பணம் இல்லை என்பதுதானே முதல் பிரச்சினை?

இது இன்று தொடங்கியதும் அல்ல. 1979இல், மணம் முடிப்பதற்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் போய் இறங்கிய 35 வயது இந்தியப் பெண்மணி ஒருவரை, கன்னிதானா என்று உடலைச் சோதித்தார்கள். அவரும் நம்மைப் போல ஓர் ஆசிரியை. செய்தி வெளியாகி உலகமே காறித் துப்பிய பிறகுதான் நிறுத்தினார்கள். ஆண்கள் மனைவியை எளிதாக அழைக்கலாம், பெண்கள் கணவரை அழைப்பது கடினம் என்றிருந்த பாகுபாட்டை 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தவறு என்றது. அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்களுக்கு எளிதாக்கவில்லை, ஆண்களுக்கும் கடினமாக்கிச் "சமத்துவம்" கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உடலைச் சோதித்தார்கள், இன்றைக்குச் சம்பளச் சீட்டைச் சோதிக்கிறார்கள்.

"வளைகுடாவில் இல்லாததா?" என்பீர்கள். உண்மைதான். அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால்தான் குடும்பத்தை அழைக்க முடியும். நம் ஊரில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் அப்பாவைப் போனிலேயே பார்த்து வளர்ந்தார்கள் என்று வகுப்பறையில் கண்ணால் கண்டவள் நான். பழகிப்போனது என்பதால் ஒன்று நியாயமாகிவிடாது. அதிலும், அங்கே நம்மவர் ஒப்பந்தத் தொழிலாளி, இங்கே அவர் அந்நாட்டுக் குடிமகன்.

போலித் திருமணங்கள் நடப்பதில்லையா? நடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கட்டும், விசாரிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் 29,000 பவுண்டு வரம்பு போலியைப் பிடிக்கும் வலை அல்ல. பணக்காரன் போலித் திருமணம் செய்தால் அது தடுக்காது. ஏழை உண்மையாகக் கட்டிய தாலியைத்தான் தடுக்கிறது.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "மாப்பிள்ளை லண்டன்" என்றதும் மண்டபம் பார்க்க ஓடாதீர்கள். ஜாதகத்தோடு சேர்த்து நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அவருக்குக் குடியுரிமையோ நிரந்தர உரிமையோ இருக்கிறதா? ஆண்டு வருமானம் வரம்பை எட்டுகிறதா, அதற்கு ஆறு மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் பொருந்துகிறதா? பெண்ணின் ஆங்கிலத் தேர்வுக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் ஏற்பாடு ஆயிற்றா? கட்டணத்தை யார் கட்டுவது? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்காமல் விட்டால், நாத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரரும் "இன்னும் போகலையா?" என்று உங்கள் பெண்ணைத்தான் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள். விசா மறுக்கப்பட்டது அவள் குற்றம் இல்லை, அவள் கணவர் குற்றமும் இல்லை. பிரிட்டனில் வாக்குரிமை உள்ள என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம் அதுதான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதலாம். கட்டைவிரல் மட்டும் காட்டாமல் காரணத்தோடு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்