வீடிழந்தார்க்குப் புகலிடம்

கரிசல் மண் மழையில் பருத்து வீங்கும். வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் அம்மண்மேல் எழுப்பிய பழைய மண்சுவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வீடிழப்பவர் நெசவாளராயின், அவர் இழப்பது வீடு மட்டுமன்று. குழித்தறி வீட்டுத் தரையிலேயே அமைந்தது. அதனைத் தோளில் சுமந்து செல்ல இயலாது. சுவர் விழுந்த அன்றே கூலியும் நின்றுவிடுகிறது. அக்குடும்பம் எங்கே செல்லும்?

கோயிலும் மடமும் சத்திரமும் நிறைந்த நாட்டில் இஃதும் ஒரு கேள்வியா என்று மாணவர்களாகிய நீங்கள் வினவலாம். திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், 1896-இல் வீட்டைத் துறந்து திருவண்ணாமலை சென்றபோது, அவருக்கு இடம் தந்தது கோயிலின் ஆயிரங்கால் மண்டபமே. பின்னாளில் உலகம் அவரை இரமண மகரிஷி எனப் போற்றிற்று. ஆனால், துறவிக்குத் தூணடி போதும். கைக்குழந்தையோடும் வளர்ந்த மகளோடும் வரும் தாய்க்கோ, உள்ளே தாழிட்டுக்கொள்ளத் தக்க கதவு வேண்டும், கழிப்பறை வேண்டும், ஒரு நாளன்று, மூன்று திங்களேனும் தங்க இடம் வேண்டும். நம் பழைய சத்திரங்கள் வழிப்போக்கரை எண்ணிக் கட்டப்பட்டவை. அவற்றுட் பல, சாதி பார்த்தே இடம் தந்தன என்பதையும் மறைத்தற்கில்லை.

சோறிடுவதில் நம்மவர் குறைந்தவரல்லர். வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இடங்கொடுப்பதிலேதான் கை சுருங்குகிறது. உண்டவர் எழுந்து போய்விடுவார். தங்கியவர் போகாவிடில் என்செய்வது என்னும் அச்சமே காரணம். அவ்வச்சம் முற்றும் பொய்யென்று நான் கூறமாட்டேன். எனினும், 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் அவ்வாறு தயங்கி நிற்கவில்லை. அண்டையிலிருந்த இந்து மீனவர் குடும்பங்களைத் தங்கள் ஊரில் ஏற்றனர். திருமணத்துக்கெனச் சமைத்திருந்த உணவையும் அவர்கட்கே இட்டனர்.

நகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு நூறுபேர் தங்கும் காப்பகம் என்பது அரசு வகுத்த அளவு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அருப்புக்கோட்டையின் மக்கள்தொகை அவ்விலட்சத்தையே எட்டவில்லை. திருச்சுழியைச் சொல்லவேண்டுவதில்லை. ஆதலின், ஊரார் தாமே முன்வருதல் வேண்டும்.

புதுக் கட்டடம் எழுப்பவேண்டும் என்பதில்லை. திருமண மண்டபங்களில் மணமகள் அறை, மணமகன் அறை என இரண்டு உள்ளன. தாழ்ப்பாளும் குளியலறையும் உடையவை. மழை வீடுகளை இடித்து ஓய்ந்தபின் வரும் மார்கழியில் முகூர்த்தம் இல்லை. அவ்வறைகள் பூட்டியே கிடக்கின்றன. கோயிலைச் சார்ந்த மண்டபத்தார் அத்திங்களில் ஒரு குடும்பத்தை ஏற்கலாம். தை பிறந்ததும் தேவாலயத்துக் கூடம், அதன்பின் பள்ளிவாசலைச் சார்ந்த அறை என முறைவைத்துக்கொள்ளலாம். இதனால் எவர்க்கும் பெருஞ்சுமை இல்லை. தங்குவோர்க்கும் கெடு முன்னரே தெரியும். அதற்குள், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அவர்களுடன் வட்டாட்சியர் அலுவலகம் சென்று, இடிந்த வீட்டுக்குரிய உதவித்தொகைக்கு மனு எழுதித் தருதல் வேண்டும்.

மற்றொன்றும் கூறுவேன். அறையின் மூலையில் ஓர் இராட்டைக்கு இடம் விடுங்கள். தறி இல்லாத நாட்களிலும், அவ்வீட்டுப் பெண்கள் பிறருடைய தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துச் சிறிது கூலி பெறலாம்.