பி.எஃப். பணம் பிள்ளை ஃபீஸ் அல்ல!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் ஆபீஸ்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். லஞ்ச் நேரத்தில் நாலு பேர் ஒரு செல்போனைச் சுற்றி நிற்பார்கள். கிரிக்கெட் ஸ்கோர்போல என்று எட்டிப் பார்த்தால், பி.எஃப். பாஸ்புக்! 'எவ்வளவு சார் தேறும்?', 'எத்தனை நாள்ல அக்கவுன்ட்டுக்கு வரும்?' என்று விசாரணை நடக்கும். தேறுகிற தொகை தெரிந்ததும் அந்த அப்பா முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள்... அந்த நிம்மதியோடுதான் எனக்குச் சண்டை.

கோபப்படாதீர்கள். பிள்ளையைப் படிக்க வைக்காதே என்று சொல்ல நான் யார்? நானே ஓர் அப்பா வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் படிக்கவைத்த பி.காம்.தான். எந்தப் பையில் கைவிடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

1952-ல் பி.எஃப். சட்டம் கொண்டுவந்தவர்கள் விவரமானவர்கள். இந்தப் பணத்தை எந்தக் கடன்காரனும் தொட முடியாது, கோர்ட்டே உத்தரவு போட்டாலும் ஜப்தி செய்ய முடியாது என்று அதில் எழுதிவைத்தார்கள். வீட்டை ஜப்தி செய்யலாம், வண்டியைத் தூக்கிப் போகலாம், ஒரு தொழிலாளியின் கிழட்டு வயசுச் சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. நீதிபதியால் தொட முடியாத அந்தப் பணத்தை, நாம் ஒரு காலேஜ் கேஷியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருகிறோம்!

அரசாங்கமும் சும்மா இல்லை. முன்பெல்லாம் ஏழு வருஷம் சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும், உங்கள் பங்கில் பாதிதான் எடுக்கலாம், கல்யாணத்துக்கும் படிப்புக்கும் சேர்த்தே மொத்தம் மூன்று தடவைதான் என்று ஒரு கடிவாளம் இருந்தது. 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு கூடி, ஒரு வருஷ சர்வீஸ் போதும், படிப்புக்கு மட்டுமே பத்து தடவை எடுக்கலாம், கால்வாசி மிச்சம் இருந்தால் சரி என்று முடிவெடுத்தது. தொழிலாளிக்குச் சலுகை என்று கைதட்டினார்கள். பத்து தடவை கதவைத் திறந்துவிட்டுக் கால்வாசி மூட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வதற்குப் பெயர் சலுகையா?

ஒரு சின்னக் கணக்கு பார்த்துவிடலாம். உங்களுக்கு 45 வயசு. பையன் இன்ஜினியரிங் சேர அஞ்சு லட்சம் எடுக்கிறீர்கள். 2024-25-ல் பி.எஃப். தந்த வட்டி 8.25 சதவிகிதம். அதே வட்டி நீடித்தால், அந்த அஞ்சு லட்சம் உங்கள் 58 வயசில் சுமார் 14 லட்சம். ஆக, நீங்கள் கட்டிய ஃபீஸ் அஞ்சு இல்லை சார், பதினாலு!

'அதான் பென்ஷன் வருமே' என்பார் ஒருத்தர். எவ்வளவு வரும் என்று பார்த்திருக்கிறாரா? 2014-ல் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்குப் போட்டால், முழுசாக 35 வருஷம் உழைத்தவருக்கு மாசம் 7,500. சென்னையில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது.

சரி, ஃபீஸுக்கு என்னதான் செய்ய? கல்விக் கடன் வாங்குங்கள். ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் தர வேண்டும் என்பது வங்கிகள் தாங்களே ஒப்புக்கொண்ட திட்டம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. 2024-ல் அறிவித்த வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்லூரிகளில் சேர்ந்த, ஆண்டு வருமானம் எட்டு லட்சம் வரை உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு வட்டியில் மூன்று சதவிகிதம் மானியமும் உண்டு. மேனேஜர் அலையவிடுவார்தான். 'நாளைக்கு வாங்க' என்பார். அலையுங்கள். 65 வயசில் அலைவதைவிட 45 வயசில் அலைவது சுலபம்.

இந்த இடத்தில் எல்லா ஆபீஸிலும் ஒரு கணக்குப் புலி எழுந்து நிற்பார். 'கடனுக்குப் பத்து பர்சென்ட் வட்டி. பி.எஃப்.ல கிடைக்கிறது எட்டேகால். சொந்தப் பணத்தை வெச்சுக்கிட்டு எவனாவது கடன் வாங்குவானா?' நானும் காமர்ஸ் படித்தவன்தான். வெறும் வட்டியை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால், கடனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மாசம் பிறந்தால் வந்து கதவைத் தட்டும். எப்படியாவது அடைந்துவிடும். பி.எஃப்.ல் போட்ட ஓட்டையை அடைக்கச் சொல்லி யாரும் வந்து தட்ட மாட்டார்கள். மொத்தமாகத் திருப்பிக் கட்டலாம் என்றாலும் வழியில்லை. சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட முடியும். எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்? அது மட்டுமில்லை, கடனை அடைக்கப்போகிறவனுக்கு வயசு 23. முன்னால் 35 வருஷச் சம்பளம் இருக்கிறது. உங்களுக்கு?

படிக்கக் கடன் கொடுக்க பேங்க் இருக்கிறது. வீடு கட்ட, கார் வாங்க, கல்யாணம் பண்ண, எல்லாவற்றுக்கும் கொடுக்கிறார்கள். 'வயசாயிடுச்சு, மாசம் இருபதாயிரம் வேணும்' என்று போய்க் கேட்டுப் பாருங்கள். வீட்டை அடமானமாக வைத்துக்கொண்டு மாசாமாசம் பணம் தருகிற திட்டம் ஒன்று 2007-ல் வந்தது, வாஸ்தவம். வீடு இருக்கிறவருக்கு அது சரி.

குழந்தை நடைபழகும்போதே பி.பி.எஃப். கணக்கு ஒன்று ஆரம்பித்தால், காலேஜ் வாசலுக்குப் போகும் சமயம் பதினைந்து வருஷம் முடிந்து கைக்கு வரும். பெண் குழந்தை என்றால் செல்வமகள் திட்டம். தனி டப்பா, தனி மூடி. அதைச் செய்யாமல் விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் அரிசிப் பானையில் கைவிடுவதைத்தான் தியாகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

'எம்புள்ளதான் சார் எனக்கு பி.எஃப்.!' என்று நெஞ்சில் தட்டிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்லது. அதே 2007-ல்தான் பெற்றோரைப் பிள்ளைகள் பராமரித்தே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாசம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம் என்றது அந்தச் சட்டம். எல்லா பி.எஃப்.பும் ஒழுங்காக முதிர்ந்திருந்தால் அப்படி ஒரு சட்டத்துக்கு என்ன வேலை?

என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. தங்கமான பையன். அவன் இன்ஜினியரிங்குக்காக அப்பா இரண்டு தடவை பி.எஃப். எடுத்தார். எனக்கு அப்போது வேலை கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. கோவையில் ஒரு மில்லில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர், அடுத்த வாரமே ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போட உட்கார்ந்தார். 'வீட்ல சும்மா இருந்தா போரடிக்குதுடா' என்றார். நாங்களும் நம்பினோம். ஒருநாள் ஊருக்குப் போனபோது அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பாதியாக உடைத்து வைக்கப்பட்டிருந்தது. டாக்டர் குறைக்கச் சொன்னாரா என்று கேட்டேன். 'நானேதான் குறைச்சேன். பாதியே போதும்டா' என்றார்.

இப்போது தம்பி மாசம் தவறாமல் அஞ்சாயிரம் அனுப்புகிறான். அந்தப் பணத்தை அப்பா தொடுவதில்லை. போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. போடுகிறார். பேரன் காலேஜ் போகும்போது உதவுமாம்.