சிறைக்குள் உழைப்பு இனிக்கிறது. வெளியே உழைப்பாளி கசக்கிறானா?

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைப் பாதையில் நடுவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு பழைய ஜெயில் கட்டடம் நிற்கிறது. உல்லாசப் பயணம் வருகிறவர்கள் அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் நீலகிரியின் உழைப்பாளி மக்கள் அதை வேடிக்கையாகப் பார்க்க முடியாது. இந்த மலையில் சர்க்கார் நடத்திய முதல் தோட்டங்களின் வரலாறு அந்தச் சுவரில் இருக்கிறது.

1860-களில் வெள்ளைக்கார சர்க்கார் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டம் போட்டது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கும் மரம் அது. காடு வெட்ட வேண்டும், குழி தோண்ட வேண்டும், கன்று நட வேண்டும். கூலி கொடுத்து ஆள் பிடிப்பதைவிடக் கைதியைக் கொண்டு வருவது மலிவு. மலாய்க் கரையிலிருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து சென்னை ராஜதானிச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளை மலை ஏற்றினார்கள். லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி எழும்பிய காலத்தில் அங்கேயும் சீனக் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1867-ல் ஒரு மழை இரவில் அவர்களில் சிலர் தப்பி ஓடியதும், போலீஸ் படை மலையெங்கும் தேடி அலைந்ததும் நீலகிரி கெஜட்டியரிலேயே பதிவாகியிருக்கிறது.

தண்டனை முடிந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட சிலரைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே குடியேறி, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து நேர்மையாகப் பிழைத்தார்களாம். அவர்களை யோக்கியர்களாக்கியது உபதேசமா? இல்லை. கையில் கொஞ்சம் நிலமும் செய்வதற்கு வேலையும் இருந்தன, அவ்வளவுதான்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் சிறு உண்மையைக்கூட நம் ஆட்சியாளர்கள் கற்றுக்கொள்ளவில்லை.

உள்ளே நம்பிக்கை, வெளியே சந்தேகம்

நீலகிரியில் நீண்ட தண்டனை பெறுகிறவன் போய்ச் சேரும் இடம் கோவை மத்திய சிறை. தமிழ்நாட்டு மத்திய சிறைகளில் கைதிகள் ரொட்டி சுடுகிறார்கள், துணி நெய்கிறார்கள், தைக்கிறார்கள். சிறை அங்காடிகளில் அந்தச் சரக்கு விற்பனையாகிறது. கோவை, வேலூர், புழல், பாளையங்கோட்டை போன்ற இடங்களில் இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து சிறைத் துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. வண்டிக்கு எண்ணெய் போட்டுக் காசு வாங்குகிறவர் தண்டனைக் கைதி. அந்தப் பங்க்குகளுக்கு வைத்த பெயர் 'ஃப்ரீடம்', அதாவது சுதந்திரம்!

இந்த ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். தண்டனைக் காலத்தில் கல்லாப் பணத்தை ஒருவன் கையில் கொடுக்கிற சர்க்கார், தண்டனை முடிந்து வெளியே வந்ததும் அதே மனிதனை ஒரு அலுவலகத்துக்குக் காவல்காரனாக வைக்கப் பயப்படுவது ஏன்? உள்ளே இருந்தபோது யோக்கியன், வெளியே வந்ததும் அயோக்கியனா?

பயம் ஒன்றுமில்லை, இது கணக்கு. உள்ளே இருக்கிற உழைப்பு மலிவு. கடின உழைப்புத் தண்டனை பெற்றவருக்கும் குறைந்தபட்சக் கூலியின் அடிப்படையில் சம்பளம் தர வேண்டும், உணவு உடைச் செலவை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் நடந்தது என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. வெளியே வந்தவனோ கூலி கேட்பான், சங்கத்தில் சேருவான், வீடு கேட்பான். அதனால்தான் சிறைக்குள் இனித்த உழைப்பு வெளியே கசக்கிறது, கொயினாவைப்போல.

சோவியத் நாட்டில் மகரென்கோ என்ற ஆசிரியர் 1920-ல் பொல்தாவா அருகே ஒரு குடியிருப்பு அமைத்தார். திருடித் திரிந்த அனாதைச் சிறுவர்களை அங்கே சேர்த்தார். ஒரு பழைய குற்றவாளி இளைஞனிடமே பணம் வாங்கி வரும் பொறுப்பைக் கொடுத்து அனுப்பினார். பணம் குறையாமல் வந்து சேர்ந்தது. பிறகு கார்கோவில் அவர் பணியாற்றிய கம்யூனில், அப்படிப்பட்ட பிள்ளைகளின் கைகள் 1930-களில் மின்சாரத் துளைக் கருவிகளும் புகைப்படக் கேமராக்களும் செய்தன. நம்பிக்கை வைத்து, தொழில் கொடுத்து, கூட்டு வாழ்வில் சேர்த்துக்கொண்டால் மனிதன் மாறுவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வேலை போனால் கூரையும் போகும்

சமவெளியில் ஒருவன் ஜெயிலுக்குப் போனால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும். தேயிலைத் தோட்டத்தில் அது மட்டுமல்ல. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. பதிவேட்டில் பெயர் இருக்கும் வரைதான் கூரை. 'ஒழுக்கக்கேடான குற்றம்' என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினால், பெண்டாட்டி பிள்ளைகளின் பாத்திரம் பண்டம் வாசலுக்கு வரும். எது ஒழுக்கக்கேடு என்று எந்தச் சட்டத்திலாவது இலக்கணம் எழுதியிருக்கிறார்களா? இல்லை. துரைமாருக்கும் அதிகாரிக்கும் தோன்றியதுதான் இலக்கணம்.

கூடலூர், பந்தலூர் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 1964-ம் ஆண்டு சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பம். அப்பனும் ஆத்தாளும் சர்க்காரின் டான்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். மகன் ஒரு சில்லறைச் சண்டையில் மாட்டி ஆறு மாதம் உள்ளே போய்விட்டு வருகிறான். தோட்டத்தில் இடமில்லை. கோயமுத்தூருக்கோ திருப்பூருக்கோ போனால், போலீஸ் சரிபார்ப்புச் சான்று கொண்டுவா என்கிறார்கள். அந்தச் சான்றை இன்று இணையத்தில் காசு கட்டி வாங்கலாம். காசு கட்டித் தன் கழுத்துக்குத் தானே கயிறு வாங்கும் விசித்திரம்! அவன் இனி எங்கே போவான்? மறுபடியும் ஜெயிலுக்குத்தான். அப்போது இதே கனவான்கள், "பார்த்தீர்களா, இவன் திருந்த மாட்டான் என்று சொன்னோமே" என்பார்கள்.

ஆதிவாசி மக்களின் நிலை இன்னும் கொடிது. தலைமுறை தலைமுறையாகத் தேனும் கிழங்கும் எடுத்த காட்டில் கால் வைத்தால் வன வழக்கு. காட்டின் மீது அவர்களுக்குள்ள உரிமையை 2006-ல் பார்லிமெண்டே சட்டமாக ஒப்புக்கொண்டது. தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் 1992-ல் என்ன நடந்தது? சந்தன மரக் கடத்தல் என்று சொல்லி ஒரு மலை கிராமத்தையே சூறையாடி, பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சேலம் சிறையில் தள்ளினார்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 வன, போலீஸ், வருவாய் ஊழியர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. யார் குற்றவாளி என்று முதல் நாள் போலீஸ் எழுதுவதற்கும் கடைசி நாள் உண்மை சொல்வதற்கும் எத்தனை தூரம்!

விடுதலையானவனும் குற்றவாளியா?

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்! இவர்களில் எத்தனையோ பேர் நாளை விடுதலையாவார்கள். விடுதலையானால் கறை போய்விடுமா?

தமிழ்நாட்டுப் போலீஸ் வேலைக்கான விதி ஒன்றைப் பாருங்கள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ, புகார் கொடுத்தவர் பிறழ்ந்துவிட்டதாலோ விடுதலையானவர், 'குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்' என்றே கருதப்படுவார் என்கிறது 14(பி) விதியின் விளக்கம். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த விதி செல்லும் என்றது. நீதிபதி விடுதலை என்கிறார். சர்க்கார் குமாஸ்தா இல்லை என்கிறார்! வழக்கு நடத்தத் தெரியாத சர்க்கார் தன் தோல்விக்குத் தண்டனையை ஏழையின் மகனுக்கு விதிக்கிறது.

1871-ல் வெள்ளையன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல் அதைச் சென்னை ராஜதானிக்கும் கொண்டுவந்தான். மக்கள் ரத்தம் சிந்தி எதிர்த்த பிறகு 1947-ல் இங்கே அது ஒழிந்தது. அன்று பிறப்பைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். இன்று கணினியைப் பார்த்துக் குத்துகிறார்கள். பரம்பரை போய்ப் பதிவேடு வந்திருக்கிறது.

சட்டம் இயற்றுகிறவனுக்கு ஒரு நியாயம்

1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் என்ன சொல்லுகிறது? இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு ஆண்டு கழித்துத் தேர்தலில் நிற்கலாம், ஜெயித்தால் மந்திரியாகலாம். 2024-ல் மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் 251 பேர் தங்கள் மீது குற்ற வழக்கு இருப்பதாகத் தாங்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர்கள்.

அவர்களில் மக்கள் போராட்டத்துக்காக வழக்கு வாங்கியவர்களும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. நாம் கேட்பது வேறு. சட்டம் இயற்றும் சபையில் உட்கார ஆறு ஆண்டில் தகுதி திரும்புகிறது. அந்தச் சபையின் தாழ்வாரத்தைப் பெருக்குவதற்கு மட்டும் ஆயுள் முழுக்கத் தகுதி கிடையாதா?

"யோக்கியனுக்கே வேலை இல்லையே!"

இப்படி ஒரு வாதம் கிளம்புகிறது. ஜெயிலுக்கே போகாத பிள்ளைகள் வேலையின்றி அலையும்போது கைதிக்கு வேலையா என்கிறார்கள்.

வேலையை விழுங்கியது யார்? 1960-ல் உதகையில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. 1996-ல் அதை நலிந்த ஆலை என்று அறிவித்து, பிறகு மூடியே விட்டார்கள். டான்டீயின் கையிலிருந்த 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத் துறைக்குத் திருப்ப 2022-ல் உத்தரவு போட்டார்கள். இந்த வேலைகளைக் கொள்ளையடித்தவன் நடுவட்டத்துக் கைதியா? தாயகம் திரும்பியவனையும் ஜெயிலிலிருந்து திரும்பியவனையும் ஒரே ரொட்டித் துண்டுக்குச் சண்டையிட வைப்பது முதலாளி வர்க்கத்தின் பழைய தந்திரம்.

நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

சங்கத் தோழர்கள் சிலர், "நாம் அரசியல் கைதிகள், திருடனோடும் சண்டைக்காரனோடும் நமக்கு என்ன சம்பந்தம்?" என்கிறார்கள்.

1950 பிப்ரவரி 11-ம் தேதி சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுகளைச் சுட்டுக் கொன்றபோது சர்க்கார் அவர்களைத் தியாகிகள் என்றா எழுதிக்கொண்டது? போனஸுக்கும் பசுந்தேயிலை விலைக்கும் சாலையில் உட்கார்ந்த தொழிலாளி மீது தண்டனைச் சட்டத்தின் 143, 147, 341 பிரிவுகளைப் போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் அவை நியாய சம்ஹிதையின் 189, 191, 126 ஆகிவிட்டன. எண்தான் மாறியது. சரிபார்ப்புத் தாளில் அரசியலுக்கு ஒரு கட்டம், திருட்டுக்கு ஒரு கட்டம் கிடையாது தோழர்களே!

வ.உ.சிதம்பரனாரை மறந்துவிட்டோமா? 1908-ல் தண்டனை. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கப்பல் ஓட்டிய மனிதர் வறுமையில் வாடினார். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி மனம் வைத்த பிறகே சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். நாடு இன்று அவர் இழுத்த செக்கைப் போற்றுகிறது. ஆனால் அவருக்கே பிழைப்பு தயவால் திரும்பியது, உரிமையாகத் திரும்பவில்லை.

இன்றும் அதே தயவுதான். விடுதலையானோர் உதவிச் சங்கம் தையல் எந்திரம் தருகிறது, கறவை மாடு தருகிறது. நல்லதுதான். ஆனால் அது தர்மம். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும் வேலை தருகிறவர் விரும்பினால் மன்னிக்கலாம் என்றது. உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 'விரும்பினால்'! தொழிலாளியின் வயிறு எத்தனை நாள் அதிகாரியின் விருப்பத்தில் தொங்குவது?

நாம் கேட்பது

முதலாவது: நீதிமன்றம் விடுதலை செய்தால் விடுதலைதான். 14(பி) விளக்கத்தை நீக்கு.

இரண்டாவது: சிறு தண்டனைகளுக்குக் காலக்கெடு வை. பிரிட்டனில் 1974 முதல் அப்படிச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் தன் நாட்டில் செய்ததை அவன் விட்டுப்போன நாற்காலியில் இருப்பவர்கள் செய்யக் கூடாதா?

மூன்றாவது: விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே வழக்கைக் கேட்காதே. தேர்வான பிறகு, அந்த வேலைக்குச் சம்பந்தமிருந்தால் மட்டும் கேள். அமெரிக்க முதலாளித்துவ சர்க்காரே 2019-ல் தன் மத்திய அரசு வேலைகளுக்கு, வேலை தர ஒப்பிய பிறகே கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டது.

நான்காவது: உதகை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விடுதலையானவர்களுக்குத் தனிப் பதிவேடு வை. டான்டீ தோட்டங்களிலும், தாவரவியல் பூங்கா, சிம்ஸ் பூங்கா போன்ற தோட்டக்கலைத் துறைப் பணிகளிலும் அவர்களுக்கு இடம் ஒதுக்கு. சிறையில் கற்ற தொழிலுக்குச் சான்று கொடு. அதில் சிறை என்ற சொல்லே இருக்கக் கூடாது.

ஐந்தாவது: வீட்டுக்காரன் ஜெயிலுக்குப் போனதற்காக லயத்திலிருந்து குடும்பத்தை வெளியேற்றாதே. மக்கள் போராட்ட வழக்குகளையும் ஆதிவாசிகள் மீதான சில்லறை வன வழக்குகளையும் வாபஸ் வாங்கு.

இது பிச்சையல்ல. தண்டனை என்று நீதிமன்றம் எழுதிய நாட்களை அனுபவித்து முடித்தவன் கடனை அடைத்தவன். அடைத்த கடனுக்கு வட்டி கேட்க எந்த சர்க்காருக்கும் அதிகாரம் கிடையாது.

தோட்டச் சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு இந்தக் கோரிக்கைகளையும் சேர்த்து எழுத வேண்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கிளைக் கூட்டங்களில் விவாதிக்க வேண்டும். ஜெயிலிலிருந்து திரும்பிய தொழிலாளியைச் சங்கம் கைகழுவினால், அவனைக் கருங்காலியாக்கக் கங்காணி வாசலில் காத்திருப்பான். அவனை முதலில் போய்ப் பார்க்க வேண்டியது நாம்தான்!