படக்கதை நூல்களைப் பழந்தாளென எறியாதீர்!

படக்கதை நூலென்றாலே புலவர் பலர் முகஞ்சுளிப்பர். சிறுவரைக் கெடுக்கும் குப்பையென்பர். ஆயின், பாடநூலைத் தொடவும் அஞ்சிய சிறுவர் எத்துணையோ பேர் எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தது, 1972-இல் சிவகாசியில் தோன்றிய 'முத்து காமிக்சு', 1984-இல் தோன்றிய 'இராணி காமிக்சு' போன்ற வெளியீடுகளிலன்றோ?

இன்று அவற்றைத் தேடித் தொகுப்போர் உளர், மகிழ்ச்சியே! ஆனால், அவர்தம் தேட்டம் பெரும்பாலும் 'இரும்புக்கை மாயாவி'யோடு நின்றுவிடுகின்றது. அவன் 1962-இல் இலண்டன் கிழமையிதழொன்றில் பிறந்தவன். தமிழுடை உடுத்து வந்த விருந்தினன். விருந்தினனைப் போற்றுக; அதற்காக வீட்டுப்பிள்ளையைத் தெருவில் விடுவதோ? வாண்டுமாமா தமிழிலேயே புனைய, ஓவியர் செல்லம் வரைந்த படக்கதைகளைத் தேடுவார் எத்தனை பேர்? அவை பழந்தாள் கடையில் எடைக்கு விழுந்து ஒழிகின்றன.

ஓலைச்சுவடிகளை ஆற்றிலும் நெருப்பிலும் இட்டு அழித்த இனம் தமிழினம். அவ்விழிவு போதாதா? கோட்டையூர் ரோசா முத்தையா, பிறர் மதியாது எறிந்த அச்சுத்தாள்களையும் தொகுத்தார். அத்தொகுப்பே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒருவர் செய்ததை ஊருக்கொருவர் செய்யலாகாதா?

தமிழன்பர்களே! பரணைத் துழாவுக. அட்டை கிழிந்திருப்பினும் எடுத்துக் காக்க. ஊர் நூலகத்தில் அவற்றிற்கு ஓர் அடுக்கேனும் கேட்டுப் பெறுக. சிறுவர் நெஞ்சில் தமிழ் நுழைந்த வழி அது. அவ்வழியைத் தூர்ப்பது தமிழைத் தூர்ப்பதேயாகும்!