சந்தைக் கோழியும் அமானிதமும்

கோழி வளர்ப்பு நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. நம் பாட்டிமார்களின் கொல்லைப்புறத்தில் பஞ்சாரம் கவிழ்ந்திராத நாளில்லை. இடையில் விட்டுப்போன அவ்வழக்கம் இன்று பல வீடுகளில் மீண்டும் தளிர்க்கிறது. வீட்டு முட்டை, நம் கையால் அறுத்த ஹலாலான இறைச்சி, வாயில்லா உயிர்களிடம் பரிவுகொள்ளப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி என அதில் நன்மைகள் பல. ஆயினும் ஆசையோடு தொடங்குவோர் சிலர் ஓராண்டுக்குள் கூண்டு வெறுமையாகிவிட, "நமக்கு நஸீப் இல்லை" என்று ஒதுங்கிவிடுகின்றனர்.

எங்கள் வீட்டிலும் அவ்வாறே நேர்ந்தது. எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் நலமாக வளர்ந்துவந்தன. சந்தையில் மேலும் இரண்டு பெட்டைகளை வாங்கி, அன்று மாலையே கூண்டுக்குள் விட்டோம். ஆறாம் நாள் அவற்றுள் ஒன்று இறகைத் தொங்கவிட்டு ஒடுங்கியது. எச்சம் வெண்மையும் பச்சையுமாகக் கழிந்தது. இரு வாரங்களுக்குள் பதினொன்றில் எட்டு மடிந்தன. வெள்ளைக்கழிச்சல் என்றார் கால்நடை மருத்துவர். பெயர் வைத்து வளர்த்த பிள்ளைகளுக்கு மறுமொழி கூற எங்களிடம் சொல் இருக்கவில்லை.

விதி என்று சிலர் ஆறுதல் கூறினர். விதியை நாம் நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்தாம், நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களுடன் சேர்க்கலாகாது என்றும் தடுத்தார்கள். இத்தடை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நம் அவசரத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது முறையன்று.

ஆகவே புதிதாகத் தொடங்குவோரிடம் நாம் வேண்டுவது இதுதான்: முதல் கூட்டத்தை ஒரே இடத்திலிருந்து, ஒத்த வயதில், நான்கைந்து பறவைகளாக வாங்குங்கள். கோழி வருமுன்பே கூண்டு ஆயத்தமாக இருக்கட்டும். கீரியும் மரநாயும் நுழையாத வலை, ஈரம் தேங்காத தரை, இரவில் அமரப் பரண், காற்றோட்டம் ஆகியவை இன்றியமையாதவை. தமிழகத்தில் கால்நடைத்துறை வழக்கமாகப் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது, தவறவிடாதீர்கள்.

பின்னர் வாங்கும் கோழிகளை 30 நாட்கள் தனியே வையுங்கள். நலமாகத் தோன்றும் பறவையும் கிருமியைச் சுமந்திருக்கலாம். தனித் தட்டு, தனித் தண்ணீர், இயன்றவரை தொலைவான இடம் வேண்டும். பழைய கோழிகளுக்கு முதலில் தீனியிட்டு, புதியவற்றிடம் பிறகே செல்லுங்கள். கையையும் செருப்பையும் கழுவாமல் திரும்பாதீர்கள். அந்நாட்களில் செள், பேன் பார்த்துக் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடலாம்.

நோயில்லை என்று தெளிந்த பின்னும் உடனே கலந்துவிடலாகாது. கோழிகளுக்குள் மூப்புவரிசை உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்பது அவற்றுக்குள் முடிவான ஒன்று. நார்வே அறிஞர் ஷெல்டெரப் எப்பே 1922இல் இதனை ஆய்ந்து எழுதினார். புதியவை வந்தால் அவ்வரிசை குலைந்து பூசல் எழும். ஆதலால் ஒரு வாரமேனும் வலைக்கு அப்பாலும் இப்பாலுமாக இரண்டும் பார்த்துப் பழகட்டும். ஒற்றைக் கோழியைச் சேர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேருங்கள். குஞ்சுகளைப் பெரியவற்றின் அளவுக்கு வளரும்வரை தனியே வளருங்கள். தீனித்தட்டுகளைக் கூட்டி வையுங்கள். சிறு கொத்தல்கள் இயல்பே. இரத்தம் கண்டால் உடனே பிரித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். கூண்டில் நோய் கண்ட அன்று, "மற்றவையும் சாகுமுன் விற்றுவிடுங்கள், பாதிப் பணமாவது மிஞ்சும்" என்றார் ஒருவர். ஒரு கணம் எங்கள் மனமும் சலித்தது. நாங்கள் வாங்கிய இரண்டும் அப்படி விற்கப்பட்டவையாகவே இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அதன் பின்னரே உறைத்தது. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அந்தப் பணம் நம் பைக்கு வரும். நோய் இன்னொரு வீட்டுக் கூண்டுக்குப் போகும். ஒன்றையும் விற்கவில்லை. இறந்தவற்றை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியை நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அடைத்துவைத்த உயிர் தனக்கான இரையைத் தானே தேட இயலாது. நோயுற்ற துணையைவிட்டு விலகி ஓடவும் இயலாது. அதன் பொருட்டு நாமே எண்ணிப் பார்க்க வேண்டும். கூண்டின் தாழைப் போடும் கை, அதனுள் இருப்பவற்றுக்குப் பொறுப்பேற்கும் கையாகும்.

எஞ்சிய மூன்று பெட்டைகளோடு மீண்டும் தொடங்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். காலியான கூண்டைச் சுண்ணாம்படித்துச் சில மாதம் வெயிலில் காயவிட்டிருக்கிறோம். மீண்டவை கிருமியைச் சுமந்திருக்கக் கூடுமென்பதால், புதியவற்றுக்குத் தடுப்பூசி போட்டு அது பலனளித்த பின்னரே சேர்ப்போம். 30 நாள் காத்திருப்பதற்கு எங்கள் பிள்ளைகள் இம்முறை முகம் சுளிக்கவில்லை.