கன்டென்சர் மாத்தினா இளையராஜா இறங்கி வருவாரா?

போன பொங்கலுக்கு திண்டுக்கல் போயிருந்தப்போ அப்பா ஒரே புலம்பல். தொண்ணூறுகள்ல உள்ளூர் மெக்கானிக்கிட்ட அசெம்பிள் பண்ணி வாங்கின ஸ்டீரியோ 'ம்ம்ம்'னு இரையுதாம். உள்ளே 4440 ஐசி, 4558 டோன் போர்டு. நம்ம ஊரு கல்யாண வீடு, டீக்கடை எல்லாத்துலயும் பாடின அதே ஜாதி.

நாமதான் பொட்டி தட்டுற இஞ்சினியராச்சே! பெருநகரத்து கடை ஒண்ணுல, 'ஆடியோ கிரேடு'ன்னு சொன்ன கன்டென்சர்களை 3,200 ரூபாய்க்கு வாங்கிட்டுத்தான் வந்திருந்தேன். சோதிச்சுப் பாக்கலாம்னு முதல்ல இடது சேனல் டோன் போர்டுல மட்டும் மாத்தினேன். இரைச்சல் அப்படியே இருக்கு. ஆனா பாட்டு? ஆஹா, வயலின் எல்லாம் தனித்தனியா கேக்குற மாதிரி ஒரு ஃபீலிங்கு.

தங்கச்சி நம்பல. மோனோ பாட்டு ஒண்ணைப் போட்டு, ரெண்டு சேனலோட சத்தத்தையும் சமமா வச்சு, ஒரே ஸ்பீக்கரை இடம் வலம்னு மாத்தி மாத்தி செருகினா. நான் சுவத்தைப் பாத்து உக்காந்து எது புதுசுன்னு சொல்லணும். பத்து தடவைல அஞ்சு சரி. காசு சுண்டியிருந்தா காசும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய மெக்கானிக். பெட்டியைத் திறந்து பாத்துட்டு, "தம்பி, மெயின் ஃபில்டர் கன்டென்சர் காஞ்சு போச்சு"ன்னார். ஏசி 50 ஹெர்ட்ஸ்; பிரிட்ஜ் டயோடு தாண்டினா அது 100 ஹெர்ட்ஸ் அலையா வரும். அதை வழிச்சு சமன் பண்றது அந்த 4700 மைக்ரோ ஃபேரடுதான். அது செத்தா இரையத்தான் செய்யும். அதே அளவுல, 105 டிகிரி தாங்குறதா ஒண்ணு போட்டார். வால்யூம் கன்ட்ரோலுக்கு ஸ்ப்ரே அடிச்சார். இரைச்சலும் போச்சு, கொரகொரப்பும் போச்சு. எல்லாம் சேத்து 150 ரூபாய்.

மக்களே, பாகம் மாத்துறது தப்புன்னு நான் சொல்லல. காரணமில்லாம மாத்துறதுதான் தப்பு. எலக்ட்ரோலைட்டிக் சூட்டுல காயும், மாத்துங்க. 4558 இருக்குற இடத்துல 5532 போடுங்க: அதே எட்டுக் கால், இரைச்சல் கம்மி, வேகம் ஜாஸ்தி, விலையும் சல்லிசு. ஆனா அதே பழைய போர்டுல ஆயிரக்கணக்குல குடுத்து அதிவேக ஐசி செருகினா, பவர் கால் பக்கத்துல 0.1 மைக்ரோ ஃபேரடு இல்லேன்னா அது ஆசிலேட் ஆகிக் கெடுக்கவும் செய்யும்.

"காதுதான்யா அளவுகோல்"னு அண்ணன்மார் சண்டைக்கு வருவாங்க. சரி, காதை நம்புங்க. கண்ணை மட்டும் மூடிக்கங்க! 1985ல அமெரிக்காவுல பாப் கார்வர், தன்னோட மலிவு ஆம்ப்ளிபையரை ஒரு காஸ்ட்லி வால்வு ஆம்ப்ளிபையர் மாதிரியே ஒலிக்குற அளவுக்கு அளந்து அளந்து திருத்தினார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரங்களால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியல. அவரை ஜெயிக்க வச்சது பிராண்டு பேரு இல்லை, அளவு.

கையில காசு இருந்தா ஸ்பீக்கருக்குச் செலவு பண்ணுங்க. இல்லேன்னா ஸ்பீக்கரை மூலையிலேருந்து ரெண்டு அடி நகர்த்திப் பாருங்க. 'டொம் டொம்'னு வீங்கின பாஸ் இளைக்கும். காலணா செலவில்லை.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். கண்ணாடிக் கடையில 3,200க்கு பேரம் பேசாத இந்த வாய், மெக்கானிக்கிட்ட "கொஞ்சம் குறைச்சுக்கங்கண்ணே"ன்னு கேட்டுச்சு. அவர் 20 ரூபாய் குறைச்சுக்கிட்டார். பைக்கை எடுக்கும்போதுதான் உறைச்சுச்சு. திரும்பப் போய்க் குடுத்தேன். "எதுக்கு தம்பி?"ன்னார். சொல்லத் தெரியல.

டிஸ்கி: சொந்தமா பெட்டியைத் திறக்குறவங்க பிளக்கைப் பிடுங்கி, கன்டென்சர்ல மிச்சமிருக்குற கரண்டை இறக்கிட்டு கை வைங்க. பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டா வெடிக்கும். அப்புறம் எனக்கு ஆட்டோ அனுப்பக்கூடாது, ஆமா!