கயாக்கை இறக்க ஒரு சரிவு

திருவனந்தபுரத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவருக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வேளி, ஆக்குளம், கடினங்குளம் ஆகிய காயல்கள், நன்னீருக்கு வெள்ளாயணி, நெய்யாறு கடல் சேரும் பூவாறு என ஊரைச் சுற்றி நீர்தான். மீன்பிடிக்க ஏறிச்செல்லும் கயாக் என்ற சிறு துடுப்புப்படகை அந்த நீர்வரை கொண்டுசேர்ப்பதுதான் பாடு. மீன்பிடிக் கயாக் பத்து, பன்னிரண்டு அடி நீளம். பல முப்பது கிலோவைத் தாண்டும். பேருந்தில் ஏறாது, சிறிய காரின் கூரைக்கு வெளியே துருத்தும். எப்படியோ கரை சேர்த்தால், கருங்கல் சுவரும் ஆகாயத்தாமரையும் வழிமறிக்கும். காற்றடிக்கும் கயாக் வாங்கலாம்தான். கல்லில் ஒட்டிய சிப்பி அதைக் கிழித்துவிடும்.

இதே கரையின் மீனவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்துபோய் மணலில் காயவைப்பார்கள். துடுப்பு, பிளந்த மூங்கில். சுமக்கவும் பழுதுபார்க்கவும் தோதான கலம் அது. லட்சத்தை நெருங்கும் விலைக்குக் கயாக் விற்பவர்கள் இந்த அறிவைப் பொருட்படுத்தாதது எனக்கு வருத்தமே.

காயலோரத்தை அழகுபடுத்தும்போது ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒரு கான்கிரீட் சரிவையும் ஒரு நன்னீர்க் குழாயையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். உப்புநீர் பட்ட தூண்டில் ரீலை அன்றே கழுவாவிட்டால் உள்ளே துரு ஏறிவிடும். அந்தச் சரிவு கயாக்குக்கு மட்டுமல்ல, காயலில் வலைவீசிப் பிழைப்பவரின் வள்ளத்துக்கும் உதவும். அவர்களுக்கே அதில் முன்னுரிமை இருக்கட்டும்.